நாவல் வாசித்து முடிய என்ன செய்விக்கலாம்? தரம் 10, ஆறு பிரதி, 37 பிள்ளைகள்

யூன் 3, கேள்வி

முல்லைத்தீவு மாவட்டத்தில துணுக்காய்ப் பக்கம் தரம் 10க்குத் தமிழ் படிப்பிக்கிறன். பாடசாலை நூலகத்தில ‘நிலக்கிளி’ நாவல் ஆறு பிரதி இருக்குது. வகுப்பில 37 பேர். வினாக் குடுத்து விடை எழுதுவித்தால் எல்லாக் கொப்பியிலயும் ஒரே விடைதான் வருது. இந்த முறை படம், நிலப்படம், நாடகம் எண்டு ஏதாவது செய்விக்க யோசிக்கிறன். கூடப் படிப்பிக்கிற ஒருவர் அது சித்திரப் பாடம், தமிழ்ப் பாடம் இல்லை எண்டுறார். அவர் சொல்றது சரியோ? கிழமைக்கு ஐந்து பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம். பிள்ளைகளிட்டைக் காசு கேக்கேலாது.

யூன் 3, இரவு

அவர் சொல்வதில் பாதி சரி, ரீச்சர். நாவலைத் திறக்காமலே செய்து முடிக்கக்கூடிய வேலை வெறும் கைவேலைதான். கடதாசி மட்டையில் குடிசை கட்டி, மேலே வைக்கோல் ஒட்டி, பக்கத்தில் ஒரு மாட்டை நிற்கவைத்தால் அது எந்த நாவலுக்கும் பொருந்தும். ஒரு வேலை தமிழ்ப் பாடம்தானா என்று பார்க்க ஒரே வழி: “இதை எங்கே கண்டாய்?” என்று கேட்டால் பிள்ளை புத்தகத்தைத் திறந்து விரல் வைத்துக் காட்ட வேண்டும். காட்ட முடிந்தால் படம் எவ்வளவு கோணலாக இருந்தாலும் அது வாசிப்பு.

ஆகவே முதல் விதி. வரைந்தது, எழுதியது, நடித்தது எதுவானாலும் பக்கத்தில் பென்சிலால் பக்க எண் இருக்க வேண்டும்.

அடுத்தது பிரதிக் கணக்கு. ஆறு பேராக ஐந்து குழு, ஏழு பேராக ஒரு குழு. ஒரு குழுவுக்கு ஒரு பிரதி. இந்த வயதுப் பிள்ளை வாய்விட்டு வாசிக்க ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம் எடுக்கும். இடாப்புக் கூப்பிட்டு, முதல் நாள் விட்ட இடத்தை நினைவுபடுத்தும் நேரம் போக, 40 நிமிடத்தில் 30தான் கைக்கு வரும். அதில் பத்துப் பக்கம். 150 பக்க நாவல் என்று வைத்தால் 15 பாடவேளை, அதாவது மூன்று கிழமை. திட்டத்துக்கு நேரமே மிஞ்சாது. பாதியை வீட்டுக்கு அனுப்ப வேண்டும்: பிரதி குழுவுக்குள் ஒவ்வொரு இரவும் ஒரு வீட்டுக்குப் போகட்டும். கொண்டுபோன பிள்ளை அடுத்த அத்தியாயத்தை வாசித்து, காலையில் குழுவுக்கு ஐந்து நிமிடத்தில் சொல்ல வேண்டும். சொல்லும்போது மற்றவர்கள் புத்தகத்தைப் பார்த்துப் பிழை பிடிக்கலாம். அந்தப் பிழைபிடிப்பே நல்ல வாசிப்பு.

பிரதியோடு ஒரு பொலித்தீன் பையும் போகட்டும். சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போகும் புத்தகம் ஒரு மழையோடு போய்விடும்.

யூன் 4

பக்க எண் என்று எழுதியதைத் திருத்துகிறேன். இந்த நாவல் 1973 இல் வீரகேசரி வெளியீடாக வந்தது. மறுபதிப்பில் பக்கங்கள் மாறும். ஈழத்து நூல்களை ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் கைப்பேசியில் வாசிக்கும் பிள்ளைக்குத் திரையின் எண் வேறு, தாளின் எண் வேறு. பிறகு எண்ணைப் பற்றியே சண்டை நடக்கும். அத்தியாய எண்ணும், அந்த வசனத்தின் முதல் மூன்று சொல்லும் போதும். எந்தப் பதிப்பிலும் தேடிப் பிடிக்கலாம்.

யூன் 5

நிலப்படத்தில் தொடங்குங்கள். குறைந்த செலவு, கூடிய பலன்.

கதை நடப்பது தண்ணிமுறிப்பில். அப்படி ஓர் ஊரும் குளமும் முல்லைத்தீவில் உண்டு. அதனால் பிள்ளைகள் உடனே கைப்பேசியில் ஊரின் படத்தை எடுத்துப் பார்த்து வரைந்துவிடுவார்கள், புத்தகம் மூடியே கிடக்கும். உண்மையான படத்தைக் கடைசி நாள் வரைக்கும் காட்டக்கூடாது. கதையில் இருப்பதைக் கொண்டு மட்டும் வரைய வேண்டும்.

முதற் பாடவேளை: குழுவில் இரண்டு பேர் அத்தியாயங்களைப் புரட்டி இடப்பெயர், குளம், வயல், வீடு, பாதை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுகிறார்கள். மற்றவர்கள் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அத்தியாய எண் போடுகிறார்கள். எண் கிடைக்காத இடம் பட்டியலில் இருந்து வெட்டுப்படும்.

இரண்டாவது: வெண்கட்டியால் நிலத்தில் பெரிதாக வரைதல். ஆறடிக்கு ஆறடி போதும். இதைத் தவிர்க்காதீர்கள். நேரே தாளில் தொடங்கினால் முதலில் கீறியவரின் படமே முடிந்த படமாகிவிடும், அழிக்க ஒருவருக்கும் மனம் வராது. நிலத்தில் என்றால் காலால் அழித்துவிட்டு விவாதிக்கலாம்.

மூன்றாவது: தாளில் பென்சில். கதை தெளிவாகச் சொன்ன பாதைக்கு முழுக்கோடு. பிள்ளைகள் ஊகித்ததற்கு விட்டுவிட்டுக் கோடு. ஆசிரியர் பார்க்க வேண்டியது அந்த விட்டுவிட்டுக் கோடுகளைத்தான். “இந்த வீடு ஏன் குளக்கட்டுக்கு இந்தப் பக்கம்?” என்று கேட்டால் பிள்ளை காரணம் சொல்லும். அந்தக் காரணத்துக்குள் பாத்திரத்தின் நடமாட்டம், பயம், உறவு எல்லாம் வந்துவிடும்.

அளவுகோல் கிலோமீற்றரில் வேண்டாம். காட்டோரக் கதைகளில் மனிதர்கள் நடப்பவர்கள். நடக்க எடுக்கும் நேரத்தை அளவாக வைத்தால் தூரம் கதைக்குள் இருந்தே வரும்.

அடிக்கடி வரும் பிழை ஒன்று. உங்கள் பிள்ளைகள் வவுனிக்குளத்துக்குக் கிட்ட இருப்பவர்கள். துருசும் (மதகு) வானும் (மிகைநீர் வழியும் இடம்) கட்டும் எங்கே இருக்கும் என்று நன்றாகத் தெரிந்தவர்கள். ஆகவே தண்ணிமுறிப்பை வரையச் சொன்னால் வவுனிக்குளத்தைத்தான் வரைவார்கள். திட்டாதீர்கள். வேறு நிறத்தால் ஒரு வட்டம் போட்டு “இது எங்கட குளம்” என்று ஓரத்தில் எழுதவிடுங்கள். வாசகர் தன் ஊரைக் கதைக்குள் கொண்டுபோய் வைப்பதும் ஒரு துலங்கல்தான். கதை தந்தது எது, நாம் கொண்டுபோனது எது என்று பிரித்தறிந்தால் போதும். லூயிஸ் ரோசன்பிளாட் என்ற அமெரிக்க ஆசிரியை 1938 இலேயே வற்புறுத்திய விடயம் இது: பொருள் தாளில் மட்டும் இல்லை, வாசகரில் மட்டும் இல்லை, இரண்டும் சந்திக்கும்போதுதான் உண்டாகிறது.

யூன் 5, பின்னேரம்

தாள் வாங்க வேண்டாம். பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம் பிறிஸ்டல் போட்டைவிட நல்லது, மடித்தாலும் வெடிக்காது. சீமெந்துப் பையும் உதவும். உள்மடிப்புத் தாளை மட்டும் எடுங்கள். அதைப் பிரித்து உதறுவது பிள்ளைகளின் வேலை அல்ல: தூசி கண்ணையும் தோலையும் எரிக்கும். பெரியவர் ஒருவர் வெளியில் காற்றுப் போகும் திசையில் உதறி, ஈரத்துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்துக் கொடுக்கட்டும். அந்த மண்ணிறத் தாளில் கரியும் வெண்கட்டியும் நன்றாகப் பிடிக்கும்.

யூன் 7, கேள்வி

நிலப்படம் போகுது சேர். ஒரு குழு கதையில வாற பதஞ்சலி எண்ட பெண்ணின்ர நாட்குறிப்பு எழுதுது. ஆனா வாசிச்சுப் பார்த்தால் கதைச் சுருக்கம்தான். “இன்று கதிராமன் வந்தார். பிறகு போனார்.”

யூன் 7, இரவு

எப்போதும் அப்படித்தான் வரும், பிள்ளைகளின் பிழை இல்லை. நாட்குறிப்பு எழுது என்றால் நடந்ததை எழுதுவது இயல்பு. கேள்வியை மாற்றுங்கள். இரண்டு அத்தியாயத்துக்கு நடுவில் கதாசிரியர் சொல்லாமல் விட்ட இரவைக் கேளுங்கள். அந்த இரவில் அவள் என்ன நினைத்தாள்? நாவலில் நடந்த சம்பவம் எதையும் திரும்பச் சொல்லக்கூடாது. ஆனால் எழுதுவது எதுவும் அடுத்த அத்தியாயத்தோடு முரண்படவும் கூடாது. இந்த இரண்டு வேலிக்குள்ளும் நின்று எழுத, முன்னையதையும் பின்னையதையும் பலமுறை வாசித்தே ஆகவேண்டும். 120 சொல்லுக்கு மேல் வேண்டாம். இடம் கூடினால் சுருக்கம் திரும்ப வந்துவிடும்.

மொழியையும் பாருங்கள். அவளுக்குத் தெரியாத சொல்லை அவள் நாட்குறிப்பில் எழுதமாட்டாள். “மன உளைச்சல்” என்று ஒரு பிள்ளை எழுதினால், “அவள் இதை எப்படிச் சொல்லுவாள்?” என்று கேளுங்கள். வன்னிப் பேச்சில் அதற்கு எத்தனை சொல் இருக்கிறது என்று பிள்ளைகளே ஆச்சரியப்படுவார்கள். அப்படியே இன்னொரு கேள்வியும் எழும்: இந்தப் பாத்திரம் நாட்குறிப்பு எழுதக்கூடியவரா? எழுதப் பழகாதவர் என்றால் நாட்குறிப்பு பொருந்தாது. அவர் இரவில் யாருக்குச் சொல்லியிருப்பார் என்று கேட்டு, அந்தப் பேச்சை எழுதுவிக்கலாம்.

கொப்பி கட்டும் முறை: ஏ4 தாள் நான்கு, ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்தால் 16 பக்கம். மடிப்பின் நடுவில் ஒரு துளை, மேலிருந்தும் கீழிருந்தும் 3½ சென்ரிமீற்றரில் ஒவ்வொன்று. அரை மீற்றர் நூலை மெழுகுதிரியில் இழுத்து எடுங்கள், முடிச்சு வழுக்காது. ஊசி நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே, மேல்துளையால் உள்ளே, உள்ளேயே கீழ்த்துளைக்கு ஓடி வெளியே, திரும்ப நடுத்துளையால் உள்ளே. இரு நுனியும் உள்ளோடும் நீள நூலின் இரு பக்கமும் வரவேண்டும், அதன் மேல் முடிச்சு. ஒரே பக்கத்தில் வந்தால் நடுவில் தொளதொளத்துவிடும்.

யூன் 8

பழைய தாள் போலத் தெரியத் தேயிலைச் சாயம் பூசலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பூசலாம். இரண்டு கோப்பை வெந்நீரில் மூன்று தேக்கரண்டித் தேயிலை, ஆறவிட்டு, எழுதுவதற்கு முன்னம் பூச வேண்டும். எழுதியபின் பூசினால் மை ஊறும். சீனி போட்ட மிச்சத் தேத்தண்ணி வேண்டவே வேண்டாம், எறும்புகளும் நாவல் வாசிக்க வந்துவிடும். நன்றாகக் காயாமல் அடுக்கினால் பூஞ்சணம் பிடிக்கும். இதற்குப் பாடவேளையைச் செலவழிக்காதீர்கள், இடைவேளையில் செய்யட்டும்.

யூன் 10

ஒரு பிரபலமான வேலையைப் பற்றி எச்சரிக்கை.

“பாத்திரத்தின் பை” என்று ஒன்று உண்டு. பாத்திரம் வீட்டைவிட்டுப் போகும்போது எடுத்துச் செல்லும் ஐந்து பொருளைப் பிள்ளைகள் தெரிந்து, காரணம் எழுத வேண்டும். வேறு நாடுகளில் எழுதிய கைந்நூல்களில் இது வரும். நல்ல வேலைதான். வன்னியில் அப்படியே செய்விக்கக் கூடாது. இங்கே ஒரு பையை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போவது கற்பனைப் பயிற்சி இல்லை. இன்றைய தரம் 10 பிள்ளைகள் போர் முடிந்த 2009 ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள், தாங்களாகப் பார்த்தது குறைவு. ஆனால் அம்மாவின் பையில் என்ன இருந்தது, எது வழியில் விடுபட்டது, யார் திரும்பி வரவில்லை என்பது வீட்டில் இருக்கிறது. வகுப்பில் திடீரென்று கேட்டால் ஒரு பிள்ளை எழுதாமல் இருக்கும். அதைச் சோம்பல் என்று எண்ணிவிடுவோம்.

பையைப் பெட்டகமாக மாற்றுங்கள். பாத்திரம் வீட்டிலேயே இருக்கிறது. வீட்டுப் பெட்டகத்தில் வேறு யாரும் தொடாமல் வைத்திருக்கும் மூன்று பொருள் எவை? ஒன்று கதையில் பெயரோடு வரவேண்டும். ஒன்று கதையில் இல்லாமல் ஊகத்தில் வரலாம். மூன்றாவது அந்தப் பாத்திரம் எறிய நினைத்தும் எறியாதது. மூன்றாவதில்தான் நல்ல எழுத்து வரும்.

யூன் 11

“அப்படியானால் போரைப் பற்றிய நாவலே வாசிக்கக் கூடாதா?” என்று கேட்கிறார்கள். வாசிக்கலாம், வாசிக்கவும் வேண்டும். நான் சொல்வது வேலையின் வாசலைப் பற்றி. “நீயாக இருந்தால்” என்று தொடங்கும் கேள்வியைத் தவிருங்கள். “அவர்” என்று தொடங்கினால் பிள்ளை பாத்திரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு தனக்கு வேண்டிய அளவுக்கு முன்னே வரலாம். எப்போதும் இரண்டு வேலை கொடுங்கள், ஒன்று சொந்த வாழ்வைத் தொடாததாக இருக்கட்டும். வீட்டில் கேட்டு வரச் சொல்லும் வேலையைக் கட்டாயமாக்காதீர்கள். அப்படி எழுதியதைச் சுவரில் ஒட்டுவதும் இல்லை, வகுப்பில் வாசிப்பதும் இல்லை, பிள்ளை தானாகக் கேட்டாலன்றி. வாசித்த ஆசிரியர் சிவப்புப் பேனையால் எழுத்துப்பிழை திருத்திக் கொடுப்பதும் அங்கே பொருந்தாது.

யூன் 14

கேள்விக் கதிரை. ஒரு பிள்ளை பாத்திரமாக முன்னால் இருக்கும், மற்றவர்கள் கேட்பார்கள். ஐந்து நிமிடம் போதும். கேள்விகளை முதல் நாளே துண்டுகளில் எழுதி வாங்குங்கள். “ஓம், இல்லை” என்று முடியும் கேள்விகளை எடுத்துவிடுங்கள். கதிரைக்குப் பின்னால் சாட்சிப் பிள்ளை ஒன்று புத்தகத்தோடு நிற்கும். பதில் கதைக்கு முரணானால் அது அத்தியாயத்தைச் சொல்லி நிறுத்தலாம். “தெரியாது” என்ற பதிலும் ஏற்கப்படும், நாவல் அங்கே மௌனமாக இருந்தால் மட்டும்.

பிழைப்பது எங்கே என்றால், கேட்பவர்கள் எழும்பி நின்று விரல் நீட்டி அதட்டத் தொடங்கும்போது. அது விசாரணை மாதிரி ஆகிவிடும், கதிரையில் இருக்கும் பிள்ளை சுருங்கிவிடும். எல்லாரும் வட்டமாக இருக்கட்டும். கதிரையிலும் இரண்டு பேரை வையுங்கள்: ஒருவர் பாத்திரம் வெளியே சொல்வதைச் சொல்கிறார், மற்றவர் உள்ளே நினைப்பதைச் சொல்கிறார். இரண்டுக்கும் இடையில் வரும் வேறுபாட்டை வகுப்பு கண்டுபிடித்துவிடும். நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கும் ஆசிரியர் உங்கள் பாடசாலையில் இருந்தால் உறைநிலைக் காட்சியையும் (கதையின் ஒரு கணத்தை அசையாமல் நின்று காட்டுவது) கேட்டுப் பழகுங்கள். கூச்சமுள்ள பிள்ளைக்கு அது கதிரையைவிட இலகு, பேச வேண்டியதில்லை.

யூன் 15

வழக்காடு மன்றமும் வைக்கலாம். ஆனால் குற்றச்சாட்டு ஒடுங்கியதாக இருக்க வேண்டும். “இவர் நல்லவரா, கெட்டவரா” என்றால் பட்டிமன்றக் குரல் வந்துவிடும், புத்தகம் போய்விடும். “இந்த அத்தியாயத்தில் இவர் பேசியிருக்க வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்தார்” என்ற அளவில் வையுங்கள். இரு பக்கமும் மூன்று ஆதாரம், ஆதாரத்துக்கு இரண்டு நிமிடம், மொத்தம் பன்னிரண்டு. ஐந்து பேர் தீர்ப்பாளர். அவர்கள் தங்களுக்குள் கதைக்காமல் தனித்தனியே தீர்ப்பும் காரணமும் எழுதித் தருவார்கள். சேர்ந்து எழுதவிட்டால் சத்தமாகக் கதைப்பவரின் தீர்ப்பே ஐந்து தரமும் வரும்.

யூன் 18

காலக் கயிறு. கதை சொல்லப்பட்ட ஒழுங்கும், சம்பவம் நடந்த ஒழுங்கும் வேறு என்பதைச் சொல்லி விளங்கவைப்பது கஷ்டம். காட்டுவது இலகு. இரண்டு கயிறு ஒன்றன்கீழ் ஒன்று. இருபது அடி அறைக்கு முடிச்சோடு 24 அடி வேண்டும். ஏ4 தாளை நான்காக வெட்டிய அட்டைகளில் ஒரு சம்பவத்துக்கு ஒரு வசனம், அத்தியாய எண்ணோடு. இருபது அட்டை போதும். மேல் கயிற்றில் அத்தியாய ஒழுங்கு. பிறகு அதே சம்பவங்களைக் கீழ்க்கயிற்றில் நடந்த ஒழுங்கில் தொங்கவிடுங்கள். எந்த அட்டை இடம் மாறுகிறதோ அங்கே “கதாசிரியர் இதை ஏன் இப்போது சொல்கிறார்?” என்று கேளுங்கள். நைலோன் கயிறு நடுவில் தொய்யும். தும்புக் கயிறு நல்லது.

யூன் 19

சோளகக் காற்றை மறந்துவிட்டேன். அரைச்சுவர் வகுப்பறையில் யூன், யூலையில் ஒரு அட்டையும் நிற்காது, எல்லாம் கயிற்றைச் சுற்றிக்கொள்ளும். ஒவ்வொரு அட்டையின் கீழ் விளிம்பிலும் ஒரு பனை ஈர்க்கை ஒட்டுங்கள். பாரத்துக்குப் பாரம், மடிப்பும் விழாது. மேலே இரண்டு உடுப்புக் கிளிப்.

யூன் 23

இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். நம் கூத்தில் ஒவ்வொரு பாத்திரமும் களரிக்குள் வரும்போது வரவுப் பாட்டு உண்டு: யார் வருகிறார், எப்படி வருகிறார், என்ன எண்ணத்தோடு வருகிறார். பாத்திர ஆய்வுக்கு இதைவிட நல்ல வடிவம் வேறு எங்கும் தேட வேண்டாம். முல்லைத்தீவில் கோவலன் கூத்தும், பல ஊர்களில் காத்தவராயன் கூத்தும் ஆடப்பட்டு வந்தவை. மெட்டுத் தெரிந்த பெரியவர் கிட்டடியில் இருப்பார், ஒரு பாடவேளைக்குக் கூப்பிடுங்கள். மெட்டைக் கேட்டுப் பழகியபின் எட்டு அடி. முதல் இரண்டில் எங்கிருந்து வருகிறார், அடுத்த இரண்டில் கையில் என்ன, கடைசி நான்கில் மனதில் என்ன.

கெடுவது அடைமொழியால். “அழகே உருவானவள், அன்பே வடிவானவள்” என்று அடுக்கிவிடுவார்கள், மெட்டு அப்படி இழுக்கும். சோதனை எளிது: பெயரை மறைத்துப் பாடவிடுங்கள். வகுப்பு ஆளைக் கண்டுபிடித்தால் பாட்டு சரி. கண்டுபிடிக்காவிட்டால் திரும்ப அத்தியாயத்துக்குப் போக வேண்டியதுதான். கதிராமனின் வரவும் சுந்தரலிங்கம் வாத்தியாரின் வரவும் ஒரே நடையில் இருக்க முடியாது. ஒருவர் காட்டில் நடக்கும் நடை, மற்றவர் வெளியிலிருந்து வந்தவரின் நடை.

யூன் 26

புள்ளி எப்படி என்ற கேள்விக்கு. இருபதுக்கு: நூல் ஆதாரம் 6, விளக்கம் 5, மொழி 4, வேலைத்திறன் 5.

யூன் 26, இரவு

மேலே உள்ளதை எடுக்காதீர்கள். வேலைத்திறனுக்கு ஐந்து கொடுத்தால், வீட்டில் படம் கீறத்தெரிந்த அண்ணன் இருக்கும் பிள்ளைக்கும், நிறப்பேனை வாங்கக்கூடிய பிள்ளைக்கும் அது போகும். ஆதாரம் 8, விளக்கம் 6, மொழி 4, வேலைத்திறன் 2. வேலை முழுவதும் வகுப்பிலேயே நடக்கட்டும், வீட்டுக்கு வாசிப்பு மட்டும். குழுப்புள்ளி தனியே கொடுக்காமல், முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டு இரண்டு நிமிடம் கேளுங்கள்: “இதில் உன்னுடைய ஒரு முடிவைக் காட்டு, கதையில் அதற்கு இடம் எங்கே?” 37 பேருக்கு 74 நிமிடம், பாடவேளைக்கு 30 நிமிடம்தான் கைக்கு வரும் என்பதால் மூன்று பாடவேளைக்குள் முடியும். விளக்கப் புள்ளியை அங்கேயே போடுங்கள்.

யூன் 29

முகப்பு அட்டை வரைவது தனியே கொடுத்தால் பலன் குறைவு. இரண்டு அட்டை என்றால் நல்லது: தலைப்பையும் முதற் பக்கத்தையும் மட்டும் வாசித்து ஒன்று, முழுவதும் வாசித்தபின் இன்னொன்று. பக்கத்தில் பக்கமாக வைத்து, எது மாறியது என்று ஐந்து வரி. முதல் அட்டையைத் திருத்த அனுமதிக்காதீர்கள்.

யூலை 2, கேள்வி

வரவுப் பாட்டு நாலு குழு முடிச்சிட்டினம். ஒரு குழு காட்டுக்கே வரவுப் பாட்டு எழுதினது, பாத்திரம் இல்லையெண்டு நிப்பாட்டினனான். சரியோ சேர்?

யூலை 2, இரவு

நிப்பாட்ட வேண்டாம் ரீச்சர். நாளைக்கே திருப்பிக் கொடுங்கள். அந்த நாவலில் காடு என்ன செய்கிறது என்று காட்ட அந்தக் குழுவிடம் அத்தியாய எண் இருந்தால் அது பாத்திரம்தான். மறைத்துப் பாடும் சோதனையையும் வையுங்கள்: பாட்டைக் கேட்ட வகுப்பு “தண்ணிமுறிப்புக் காடு” என்று சொல்லுதா, “ஏதோ ஒரு காடு” என்று சொல்லுதா?

பிறகு எல்லாவற்றையும் நிலத்தில் அடுக்கி வைக்காதீர்கள், ஒரு மாரிக்குள் கறையான் தின்றுவிடும். நிலப்படங்களைச் சுருட்டி, மேசைக்கு மேலே கயிற்றில் தொங்கவிடுங்கள்.